சுழிக்கு வெளியே நின்ற புள்ளி

என் அலமுவுக்கு,

ருக்குவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். உன் பேத்தி பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், அழும்போது உன்னைப் போலவே கீழுதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறாள். பன்னிரண்டு என்ற எண்ணை ஏன் முதலிலேயே எழுதினேன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் போகப் போகத் தெரியும்.

மற்றவர்கள் என்றது பத்திரிகை படிக்கிறவர்களை. இந்தக் கடிதத்தைச் சென்னையில் ஸ்திரீகளுக்காக நடக்கும் ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். "ஊரறிய எதுக்கு அக்கா?" என்பாய். உன்னை நான் பரிகாசம் செய்தது நாலு பேர் நடுவில். ஒப்புக்கொள்வதை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டால் அது என்ன நியாயம்? நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதனால் வாக்கியங்களைச் சின்னதாக வைக்கிறேன்.

நாம் ஓரகத்திகள். அண்ணனுக்கு நான் வாழ்க்கைப்பட்டேன், தம்பிக்கு நீ. இரண்டு பேருக்கும் கல்கத்தாவில் ஒரே ஆபீசில் உத்தியோகம், பவானிபூரில் ஒரே வீட்டில் குடித்தனம். நீ பதினைந்து வயதில் வந்து இறங்கியபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரை போட்ட கல்லூரி வண்டி சந்து முனையில் வந்து நிற்கும். நான் ஏறும்வரை எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். படித்த பெண் எங்கே தடுக்கி விழுவாள் என்று பார்க்க எத்தனை கண்கள்! தடுக்கக் கூடாது என்பதே எனக்கு விரதம் மாதிரி ஆகிவிட்டது. ரசத்தில் உப்புக் குறைந்தால்கூட "படிச்சவ வெச்ச ரசம்" என்றுதானே சொல்வார்கள்?

நீ அப்படியில்லை. ஆறே மாதத்தில் தப்பும் தவறுமாகப் பெங்காலி பேசினாய். உன் பெங்காலியைக் கேட்டுப் பக்கத்து வீட்டு சரளா விழுந்து விழுந்து சிரிப்பாள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். இலக்கணம் கற்றுக்கொண்டு பேசலாம் என்றிருந்த எனக்கு இன்றுவரை அந்த பாஷை வாயில் சரளமாக வரவில்லை.

காந்தா தைக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அந்த சரளாதான். பழைய வேஷ்டியையும் புடவையையும் மூன்று நாலு மடிப்பாகத் தரையில் விரித்து, சுருக்கம் போகத் தடவி, புடவைக் கரையிலிருந்து நூல் உருவி, அந்த நூலாலேயே துணி முழுக்கச் சின்னச் சின்னதாகத் தையல் ஓட்டி விரிப்பாக்குவது. பிறக்கப்போகிற குழந்தைக்கு முன்கூட்டிப் புதுத்துணி தைக்கக் கூடாது என்பார்கள் நம்மவர்கள். பழந்துணிக்குத் தோஷமில்லை. அதனால் மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் தலைப்பிள்ளைக்கு நீயே ஒன்று தைத்தாய். பெங்காலிகள் நடுவில் தாமரை வைப்பார்கள். நீ சிக்குக் கோலம் வைத்தாய்.

முடித்ததும் நேரே என்னிடம்தான் கொண்டுவந்தாய். கூடத்தில் மாமியார், சரளா, ஊரிலிருந்து வந்திருந்த அத்தை எல்லாரும் இருந்தார்கள். நான் வண்டியிலிருந்து இறங்கிக் கால்கூட அலம்பவில்லை. துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வரிசைகூட நேராக இல்லை.

"ஏண்டி அலமு, இந்தக் கோணல்ல படுத்துண்டா கொழந்தை எப்படிடீ நேரா வளரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். "படிச்சவளோன்னோ, அளந்து பாக்கறா" என்றார் மாமியார். நீயும் சிரித்தாய். கீழுதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"குடு, நான் சரி பண்ணித் தரேன்" என்று வாங்கிக்கொண்டேன். அன்றே கத்தரிக்கோல் முனையால் பிரிக்க ஆரம்பித்தேன். நீ ஒரு மாதம் தைத்தது நாலு நாளில் நூலாகக் கிடந்தது. திருப்பித் தைப்பது மெல்லத்தான் நகர்ந்தது. ஒரு தையல் பெரிதாகிவிட்டால் அந்த வரிசையையே பிரிப்பேன். நடுவில் பரீட்சை வேறு. குழந்தைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

குழந்தை என் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. மார்கழிக் குளிரில், நாள் நிறையாமல் முன்னாலேயே பிறந்தான். கிழித்த வேஷ்டியை நாலாக மடித்து அவனைப் போட்டோம். பன்னிரண்டு நாள் இருந்தான். எனக்கு இன்னும் நாலு வரிசை பாக்கி இருந்தது.

ஒரு துணி இல்லாமலா குழந்தை போய்விடும் என்று டாக்டர் கேட்கலாம். இல்லைதான், குறைமாதப் பிள்ளை. கணக்குப்படி நான் குற்றவாளி இல்லை. ஆனால் அவன் உன் கைத்தையல் மேல் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாக்கியிருந்த நாலு வரிசையை முடித்து உன்னிடம் கொடுத்தேனே, அதை ஏன் செய்தேன்? முடிக்காமல் வைக்க என்னால் முடியவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். "நன்னாயிருக்கு அக்கா" என்றாய். டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாய். அதை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. ருக்கு பிறந்தபோது, அடுத்த தெருக் குழந்தைகளுக்கு என்று எத்தனையோ தைத்தாய். எல்லாம் சரளா வீட்டில் உட்கார்ந்து தைத்தவை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றைக்கூட என் கண்ணில் காட்டவில்லை.

சென்ற மாசியில் ருக்கு உண்டாகியிருக்கிறாள் என்று நாகபுரியிலிருந்து கடிதம் வந்தது. அன்று மத்தியானமே பழந்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சரளா வீட்டுக்குப் போனாய். பங்குனியில் மூன்றே நாள் காய்ச்சல். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு சரளா அந்தக் காந்தாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கால் பங்கு பாக்கி. நீ கடைசியாகக் குத்திய இடத்தில் ஊசி அப்படியே நின்றது, நூலோடு.

ருக்கு பிரசவத்துக்கு இங்கே வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். மடியில் விரித்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பெரியம்மா, அம்மா விட்ட எடத்துலேர்ந்து நீங்க போடுங்கோ. ஆனா திருத்தாதேங்கோ."

"சரிடி."

"சத்தியமா?"

"நான் என்ன கொழந்தையா? சத்தியமா."

அவளுக்கு நீ ஏதாவது சொல்லியிருந்தாயா? அல்லது என் சுபாவம் வீட்டுக்கே தெரிந்ததுதானா?

பதினைந்து நாள் பொறுத்தேன். மேல் ஓரத்தில் நீ போட்ட மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தது. அதைக்கூடச் சகித்தேன். ஆனால் நடுக் கோலத்தில் ஒரு புள்ளி சுழிக்கு வெளியே நின்றது. மற்ற எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு வந்த இழை, அந்த ஒன்றின் பக்கத்தில் வந்து சட்டென்று திரும்பிவிட்டது. வாசலில் நீ ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை. "அம்மா திருஷ்டிக்காக விட்டிருப்பா, கன்னத்துல மை வைக்கற மாதிரி" என்றாள் ருக்கு. நீயாவது, திட்டம் போட்டுத் தப்புச் செய்யவாவது! நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டுத் திருத்தும்போதும் அந்தப் புள்ளிதான் கண்ணில் நின்றது.

ஒரு மத்தியானம் ருக்கு அசந்து தூங்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நான் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தேன். அந்தத் திருப்பத்தில் இருந்த ஏழெட்டுத் தையலை மட்டும் எடுத்துவிட்டு, இழையைப் புள்ளியைச் சுற்றிக் கொண்டுபோய்விடலாம் என்று எண்ணம். நாலு தையல் வந்தது. ஐந்தாவதை இழுத்தேன். உன் ஆத்துக்காரரின் பழைய வேஷ்டிதானே மேல்துணி? நைந்த துணி நாலு விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது.

பிளந்த இடத்தில் உள்ளே இன்னொரு துணி தெரிந்தது. அதில் பச்சை நூலில் தையல். நெருக்கமாக, ஒரே அளவாக, அளவுகோல் வைத்த மாதிரி. ஒரு நிமிஷம் புரியவில்லை. அது என் தையல், அலமு. நான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் திருத்திக் கொடுத்த அதே காந்தா. அதை இந்தக் குழந்தைக்கு வைத்துத் தைத்திருக்கிறாய். அந்தப் புள்ளி நின்ற இடம்தான் உள்ளே இருந்த காந்தாவின் ஓரம்.

உன் ஊசி அங்கே ஏன் திரும்பியது? ஓரம் தடித்து ஊசி ஏறவில்லையா? என் தையலைக் குத்த மனசு வரவில்லையா? அதை உள்ளே வைத்தது மன்னிப்பா? அல்லது பழைய துணி வீணாகக் கிடக்கிறதே என்று எடுத்தாயா? உன்னைத் தவிர யார் சொல்ல முடியும்?

அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அதே நைப்பில் வேறு வேஷ்டி தேடி, இழை இழையாகக் கோத்து, கிழிந்த சுவடே தெரியாமல் செய்துவிடலாம். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அன்றும் இப்படித்தானே கணக்குப் போட்டேன்?

மறுநாள் காலை ருக்குவுக்கு வலி எடுத்துவிட்டது.

மருத்துவச்சி உள்ளே. சரளா வெந்நீரும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சந்தில் முழங்கால் தண்ணீர், டாக்டரை அழைக்கப் போனவர்களைக் காணவில்லை. வலிக்கு நடுவில் ருக்கு கூப்பிட்டாள்:

"பெரியம்மா! அம்மாவோட காந்தா எங்கே?"

"கொண்டு வரேண்டி!"

"நேத்திக்கே கேட்டேன். எங்கே ஒளிச்சு வெச்சிருக்கேள்?"

நான் ரேழியில் உட்கார்ந்து கிழிசலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நூல் தேட நேரமில்லை. என் புடவைக் கரையிலிருந்து சிவப்பு நூல் உருவி, உன் ஊசியில் கோத்து, கண்டபடி இழுத்தேன். ஒரு தையல் நகத்தளவு, அடுத்தது விரலளவு. பழக்கதோஷம், ஒன்றைப் பிரிக்கப் போனேன். சரளா பார்த்துவிட்டாள்.

"ஓ தீதி, உள்ளே வரப்போறது குழந்தை. பரீட்சைப் பேப்பர் இல்லை" என்றாள் பெங்காலியில். எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

சாயங்காலம் விளக்கேற்றும் வேளையில் குழந்தை வந்தது. சத்தமில்லை. மருத்துவச்சி தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எதை எண்ணினேன் என்று தெரியாது. அப்புறம் அழுகை. "துணி, துணி!" என்று கை நீட்டினார்கள். கொடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஊசி! உன் ஊசி துணியில் எங்கே நிற்கிறது? மேலும் கீழும் உள்ளங்கையால் அழுத்தித் தடவினேன். குத்தினால் என்னைக் குத்தட்டும். இல்லை. திருப்பிப் போட்டுத் தடவினேன். இல்லை. சரளாதான் என் தோளைத் தொட்டுக் காட்டினாள். என் தலைப்பிலேயே நான் குத்தி வைத்திருந்தேன்.

இத்துனூண்டு, அலமு. சிவந்து, சுருங்கி. உன் காந்தாவின் மேல், கிழிசலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

கொஞ்சம் தெளிந்ததும் ருக்கு விரலால் அந்தச் சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"இது அம்மா போட்டதில்லே."

"எப்படிடீ தெரியும்?"

"இவ்வளவு கோணலா அம்மாவுக்கே வராது."

சரளாவுக்குப் பொருள் சொன்னேன். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ருக்குவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தை மீறியதை, கிழித்ததை, உள்ளே இருப்பதை, அது முடிவதற்குள் போய்விட்ட அவள் அண்ணனை. பிறந்து இறந்துபோன அண்ணன் ஒருவன் உண்டு என்று அவளுக்குத் தெரியும், காந்தாக் கதை தெரியாது. கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. குழந்தையை என் கையில் தரவில்லை. நான் வாசற்படியில் நின்று அது மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன்.

ஒன்பதாம் நாள் காலை கூப்பிட்டாள். ஈரமான காந்தாவைச் சுருட்டி என் பக்கம் நீட்டினாள்.

"நனைச்சுட்டா. தோச்சுப் போடுங்கோ." நான் வாங்கிக்கொண்டு திரும்பினேன். "பெரியம்மா."

"என்னடி?"

"தோச்சா மட்டும் போறும்."

இதுவரை நேற்று எழுதியது. இனி எழுதுவது இன்று. நேற்றுப் பகல் முழுவதும் இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்துபோய்த் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன். "எத்தனை தடவைதான் வருவேள்? உள்ளேயே உக்காருங்கோ" என்று ருக்கு ஒரு பாயைத் தள்ளிப் போட்டாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

விடிந்துவிட்டது. மழை விட்டிருக்கிறது. முதல் டிராம் போகிற சத்தம் கேட்டது. பதின்மூன்றாம் நாள். உன் பேத்தி பசியென்று வீடே கிடுகிடுக்க அழுகிறாள்.

பாக்கியிருக்கிறதை, அவள் படுத்து எழுந்த இடைவேளைகளில் போடுகிறேன். உன் ஊசியால்தான். மீனின் கண் அப்படியே இருக்கும். அந்தப் புள்ளியும் வெளியிலேயே நிற்கும். கத்தரிக்கோலை ருக்குவிடம் கொடுத்துவிட்டேன். உன்னிடம் நான் கேட்காமல் விட்டதற்கெல்லாம் இனிப் பதில் இல்லை. ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். எங்கேயாவது, எப்போதாவது, நீ தைத்ததை மறுபடி என்னிடம் கொண்டுவந்தால், கால் அலம்பிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும், கொடுத்தபடியே வாங்கிக்கொள்வேன்.

நீ கடைசிவரைக்கும் அக்கா என்றே கூப்பிட்ட,
உன் மூத்த ஓரகத்தி
விசாலம்