தட்டிப் பாருங்கள்

மார்ச் 3

இன்றும் அதே வேடிக்கை. ஊரைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக நாங்கள் செய்த செயலியில் பன்னிரண்டு பழைய இடங்கள். அந்தந்த இடத்தில் போய் நின்றால் கைபேசியில் என் குரல் கதை சொல்லும். செயலி காட்டும் கணக்குப்படி, எல்லா இடத்திலும் நான் முடிப்பதற்குள் நடையைக் கட்டிவிடுகிறார்கள். ஏழாவது இடமான தானியக் கிடங்கில் மட்டும் கால் மணி நேரம் நிற்கிறார்கள்! அங்கே இருப்பது ஒரு பூட்டிய கதவு. அதில் அப்படி என்ன?

மார்ச் 4

மேலாளர் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். ஆளுங்க நிக்கலைன்னா மூடிடலாம்." மூடினால் என் வேலையும் போச்சு. "அந்த ஏழுல மட்டும் கை வெச்சுடாதம்மா" என்றார் கடைசியாக.

மார்ச் 5

பயணிகளின் கருத்துகளில் ஒன்று: "கதவைத் திறந்து திட்டும் அம்மாவின் நடிப்பு அபாரம்."

எந்த அம்மா? நாங்கள் யாரையும் நடிக்க வைக்கவில்லையே!

மார்ச் 6

நேரில் போனேன். தலை சுற்றுகிறது.

கிடங்கு சந்தின் இடப்பக்கம். செயலி கொண்டுபோய் நிறுத்துவதோ எதிர் வீட்டு வாசலில். அந்த வீட்டுக் கதவும் பழசுதான். என் குரல் குழைகிறது: "இந்தத் தேக்குக் கதவைத் தட்டிப் பாருங்கள், வெண்கலமாக ஒலிக்கும்." ஒரு தம்பதி தட்டினார்கள். படாரென்று திறந்துகொண்டு, தலைவிரிகோலமாக ஓர் அம்மா.

"யாரது? உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில நின்னுட்டு இப்பதான் கண்ணை மூடினேன்!"

அவர்கள் கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள்.

நர்ஸ் அவர். நான் யார் என்று சொன்னதும் திட்டவில்லை, அழுதுவிட்டார். "நேத்து தூக்கக் கலக்கத்துல மருந்தை மாத்திக் குடுக்கப் பார்த்தேம்மா. கூட இருந்தவ தடுத்துட்டா."



மார்ச் 7

வரைபடத்தில் புள்ளி வைப்பதாலேயே 'புள்ளி' என்று பெயர் வாங்கிய ஆபீஸ் தம்பியை ஒரு பிடி பிடித்தேன்.

"சந்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தானேக்கா..." என்று இழுத்தான். பெரிய புள்ளி!

உடனே மாற்றவைத்தேன். மேலாளரிடம் மூச்சுவிடவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10

ஏழிலும் யாரும் நிற்கவில்லை.

மார்ச் 12

நர்ஸம்மா ஆபீஸுக்கே வந்தார். முகம் தெளிந்திருந்தது. "அஞ்சு நாளா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்."

சட்டென்று தோன்றியது, கேட்டுவிட்டேன். "அந்தத் திட்டை இன்னொரு தடவை திட்டறீங்களா? பதிவு பண்ணிக்கிறேன்."

"நல்லாத் தூங்கிட்டேனே, எங்கேருந்து கோபம் வரும்?" என்று சிரித்தார். நான் மேசையைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

வந்தது பாருங்கள் கோபம்! ஏழாம் இடத்தில், என் குரல் தட்டச் சொன்ன கையோடு ஒலிக்கும்படி அதைச் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 30

மேலாளரே நேரில் பார்க்க வந்தார். என் குரல் சொன்னபடி கிடங்குக் கதவைத் தட்டினார். கைபேசி கத்தியது: "யாரது? உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?"

"மன்னிச்சுக்குங்கம்மா!" என்று பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டார் மனுஷர். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பின்னால் நின்ற பயணிகள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மூடுகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. "அடுத்த வருஷத்துக்கும் நீயே பேசும்மா" என்றார்.

திரும்பும்போது எதிர் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். கைபேசி வாய் திறக்கவில்லை. உள்ளே நல்ல குறட்டை.