படகை அனுப்பச் சொன்னவர்

என் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அரசாங்க வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். இது இருபத்திரண்டாவது வீடு. பெட்டி கட்டுவதற்கென்று மெடல் இருந்தால் அது எனக்குத்தான்.

உன் கடிதம் முழுக்கக் கோபம். "அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு ராணுவத்துக்கே தலைமைத் தளபதி" என்று எழுதியிருக்கிறாய். பேப்பரில் வந்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

வெள்ளத்தில் பள்ளிக்கூட மாடி ஒன்றில் நாற்பது பேர் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீரின் வேகம் தணியட்டும் என்று கரையில் காத்திருந்த கேப்டனை அப்பா போனில் கூப்பிட்டு, "சுவர் விரிசல் விட்டுருச்சாம். இப்பவே அனுப்பு" என்றார். முதல் படகு கவிழ்ந்து மூன்று சிப்பாய்கள் போய்விட்டார்கள். அடுத்த படகு போய் நாற்பது பேரையும் கொண்டுவந்தது.

விசாரணை வந்தது. அந்தக் கேப்டன், முடிவு தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். போனில் சொன்னதற்குச் சாட்சி ஏது? பெரிய பதவிக்கு அப்பாவின் பெயர் போயிருந்த வாரம் அது.

அன்று காலை அவர் விசாரணைக்குக் கிளம்பியபோது நான் வாசற்படியில் மறித்து நின்றேன். உன்னிடம் மறைப்பானேன், நீ எழுதியதையேதான் நானும் சொன்னேன். "நீங்க சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பையன் என் பேரைச் சொல்லாம நிக்கிறான். அவனை அப்படியே விட்டுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட இன்னொருத்தனுக்கு உத்தரவு போடுவேன்?" என்றார். நான் நகர்ந்துகொண்டேன்.

ஒரு தையல்காரரின் மகன் லெப்டினன்ட் ஜெனரல் ஆனது எப்படி என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் தெரியாது. பனிமலை முகாமில் கால் விரல் இரண்டு போன பிறகும், கீழே இறங்கச் சொன்ன டாக்டரிடம் "கடைசி ஆள் இறங்கட்டும்" என்றவர். சிப்பாய்கள் சாப்பிட்டு முடிக்காமல் தட்டைத் தொட மாட்டார். அதனால் நம் வீட்டிலும் ஆறிய சோறுதான். நான் சண்டை போட்டு ஜெயித்ததே இல்லை.

உத்தரவு தன்னுடையதுதான் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்; பதவி வேறொருவருக்குப் போனது. கேப்டன் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து அழுதான். "விசாரணையில பொய் சொன்னதுக்கு உன்னை ஒரு வாரம் மைதானம் சுத்த விடணும்டா" என்று அதட்டிவிட்டு, அப்பாவே அடுப்படிக்குப் போய் டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அவனும் வாய் திறக்காமல் குடித்தான்.

பிறகு நாங்கள் மூன்று சிப்பாய்களின் வீடுகளுக்கும் போனோம். முதல் வீட்டில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் கதவையே திறக்கவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினோம். மூன்றாவது வீட்டில் கையில் குழந்தையோடு நின்ற சிப்பாயின் மனைவி, "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா அவர் இருந்திருப்பாரா?" என்று கேட்டாள். "இருந்திருப்பாரும்மா. அந்த நாற்பது பேர் இருந்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றார். அவள் குழந்தையை அவர் மடியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாப்பா, அன்று முதல் அவர் அதிகம் பேசுவதில்லை. ஓய்வு பெற்றதும் யூனிஃபார்மை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் கூடத்திலேயே நடக்கிறார். பதவியைப் பற்றி அவருக்கு ஒன்றும் எழுதாதே. ஆறுதலும் வேண்டாம். "அப்பா, இங்கே வாருங்கள்" என்று ஒரு வரி எழுது. முப்பத்தெட்டு வருஷம் உத்தரவு வந்த இடத்துக்குத்தான் போயிருக்கிறார். கூப்பிடாமல் மகள் வீட்டுக்குக்கூட அவருக்குப் போகத் தெரியாது.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா