சம்பளத்துக்கு அம்பு

ஜூலை 4, வெள்ளி

கச்சான், மேற்கத்திச் சூட்டுக் காற்று, தொடங்கிவிட்டது. எழும்பும்போதே உதடு வெடிப்பு. முற்றம் கூட்டி முடிய முதல் திரும்ப மண். கூட்டுவதை விட்டேன்.

பாமசியில் வேலை அரை நாள். ஜும்ஆவுக்குப் பூட்டியதும் வீடு. சோறு, ஆணம். உம்மாவுக்குக் கண் மருந்து. மகள் ஹனாவின் ஒற்றைச் சப்பாத்தைத் தேடியது (தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்!). அசர் தொழுதுவிட்டு வில்லைத் தூக்கிக்கொண்டு மைதானம். போகும்போதே களைப்பு. வழமையாக வரும்போதுதான் களைப்பு.

கொழும்புக் கம்பனிக்காரர் திரும்பவும் போன் எடுத்தார். 13ஆம் திகதி ஞாயிறு தேர்வுக்கு வரட்டாம். பிடித்துக்கொண்டால் ஆகஸ்ட் முதல் மாதச் சம்பளம். எங்கள் கரையோரத்து ஹோட்டல் ஒன்றில் பயிற்சி, வெள்ளைக்காரருக்குக் காட்சி, இடைக்கிடை காசுப் போட்டி. வேன் வந்து ஏற்றி இறக்கும். பாமசியை விடலாம்.

ஒரு நிபந்தனை. சம்பளம் வாங்கத் தொடங்கினால் தொழில்காரி. மாவட்ட அணியில் நிற்கமுடியாது, அமெச்சூர் போட்டி எதிலும் நிற்கமுடியாது.

எங்கள் பெண்கள் அணி மூன்றே பேர். பாண்டிருப்புச் சுதாக்கா, பாலமுனைப் பஸ்மியா, நான். மூன்றுக்குக் குறைந்தால் அணி என்று பதியமாட்டார்கள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி.

சு.விடம் சொல்லவில்லை. ஞாயிறு சொல்லலாம்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லவில்லை.

விடியவே மூன்று பேரும் மைதானத்தில். சாக்குக்குள் வைக்கோல் அடைத்த இலக்குப் போட் போன மழைக்கு உக்கிவிட்டது, அம்பு பின்னால் போகிறது. பஸ்மியா கம்பஸ் படிப்பில் இருந்து லீவில் வந்திருக்கிறாள். புது வில். அதில் உள்ள குறிகாட்டியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அதத் திருகாத புள்ள. திருகி முடிக்கக்குள்ள காத்து மாறிரும். கண்ணால நவத்து" என்று சு.

உண்மைதான். எங்கள் மைதானத்தில் வடக்குப் பார்த்து எய்ய வேண்டும். கச்சான் இடது பக்கத்தால் வந்து அம்பைக் கடல் பக்கம் தள்ளும். நடு மஞ்சளில் குத்த வேண்டுமென்றால் இடது பக்க நீலத்தைக் குறி பார்க்க வேண்டும். எவ்வளவு என்பதை இடது கன்னத்தில் படும் சூடு சொல்லும். மாரியில் அங்கே தண்ணீர் நிற்பதால் நாங்கள் எய்வதெல்லாம் இந்தக் காற்றுக்குள்தான். வெளி மாவட்டத்து ஆட்கள் வந்தால் திக்குமுக்காடிப் போவார்கள். எங்களுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

பிளேன்ரீ குடிக்கும்போது சொல்ல வாயெடுத்தேன். சு. முந்திக்கொண்டா.

"போன முற கொஞ்சத்தால போன மெடல். இந்த முற எடுக்கிறம். மறுகா நான் வில்ல வெச்சிருவன், தோள் ஏலாது. எனக்கு இதான் கடைசி."

ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து, நித்திரை கொள்ளாமல் நேரே வந்தவ. கண் இரண்டும் சிவப்பு. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சீனி கொஞ்சம் கூட என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

பாமசியில் ஒரே கூட்டம். ஊர் முழுக்கக் கண் நோய். கச்சான் மண்தான். நின்று நின்று குதிக்கால் எரிகிறது.

இரவுச் சாப்பாட்டில் உம்மாவிடம் சம்பளக் கதையைச் சொன்னேன். ஏழு வருசமாக ஒரே கேள்விதான் கேட்டவ: "அம்பு எய்து என்ன கிடைக்கிது?" இப்போது கிடைக்கப்போகிறது என்றால் புதுக் கேள்வி.

"அம்பு எய்ற நபி வழி, சுன்னத்தான காரியமெலா மகள். அதுக்குக் காசு வாங்கலாமா?"

இவர் பிட்டைக் குழைத்துக்கொண்டே, "பள்ளியில தொழுகைக்கு வாங்கு சொல்றவருக்கும் சம்பளம் இரிக்கிதானே மாமி" என்றார். உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வந்த சிரிப்பை மறைக்க ஹனாவை ஏசினா.

கொழும்புக்குத் துணை யார்? சைக்கிள் கடையைப் பூட்ட இவருக்கு ஏலாது, ஹனாவுக்கு வேறு பள்ளிக்கூடச் சோதனை. "சுதாக்காவக் கூட்டிட்டுப் போ, அவ வந்தா எனக்குப் பயமில்ல" என்றார். சரி என்றேன். சரி என்ற பிறகுதான் அவவிடம் இன்னும் சொல்லவில்லை என்பது நினைவு வந்தது.

சு.வுக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஒரு நாள் பயிற்சி முகாம், துணைக்கு வரமுடியுமா என்று கேட்டேன். முகாம்! எங்கிருந்து அந்தச் சொல் வந்ததோ.

எந்த நாள் என்று மட்டும் கேட்டா. பிறகு, "ஓம், வாறன். டியூட்டிய மாத்திட்டு வாறன்" என்றா.

ஜூலை 12, சனி

பின்னேரப் பஸ். கொண்டுபோக:
வில், மாற்று நாண், அம்பு (நல்லது ஒன்பதுதான்)
கை உறை. அபாயாக் கையை இறுக்கிக் கட்டப் பட்டி. போன வருசம் கை நாணில் மாட்டிக் கிழிந்ததே போதும்
தோளுக்குத் தைலம்
தொழுகைப் பாய்
பஸ் சத்திக்கு இஞ்சி டொபி
சு.வுக்கு முட்டை ரொட்டி (மிளகாய் குறைத்து)
உண்மை. இதைப் பஸ்ஸில் சொல்ல வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

பாமசிக்கு லீவு. கால் இரண்டும் வீக்கம். நடந்ததை ஒழுங்காக எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

போகும்போது பஸ்ஸில் சொல்லவில்லை. ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு அவ நித்திரை. எழுப்பிச் சொல்வதா என்று சாட்டு. விடிய இறங்கினோம். தேர்வு நடந்தது ஒரு மண்டபத்துக்குள். வாழ்க்கையில் கூரைக்குக் கீழே நான் எய்ததில்லை. ஏசி, வெள்ளை விளக்கு, பளிங்குத் தரை. கன்னத்தில் ஒன்றுமே படவில்லை. சு. பின்னால் கதிரையில், மடியில் என் பெட்டி.

முதல் மூன்று அம்பும் ஒரு கைப்பிடிக்குள். மூன்றும் இடது பக்க நீலத்தில். அடுத்த மூன்றும் அதே இடம். மேசையில் இருந்த ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொல்ல அவர் சிரித்தார். பஸ்ஸில் பெட்டி இடிபட்டுக் குறிகாட்டி வளைந்துவிட்டதாக்கும் என்று நினைத்துத் திருகினேன். திருகாதே என்று சு. பஸ்மியாவை ஏசியபோது உண்மைதான் என்ற ஆள் நான். திருகத் திருகக் கண் இன்னும் இடது பக்கம் போகிறது. வியர்வை. அந்த ஏசிக்குள் வியர்வை! இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று அழுகை முட்டியது.

பின்னாலிருந்து சு.வின் குரல், ஆஸ்பத்திரி வார்டில் கத்துகிற மாதிரி:

"நஸ்ரின்! இஞ்ச கச்சான் இல்ல புள்ள! நடுவுல புடி!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசக்கூடாது என்று ஒருவர் கை காட்டினார். அவ வாயை மூடினா.

அதுதான். இல்லாத காற்றுக்குத்தான் நான் எய்துகொண்டிருந்தேன்.

திருகியதைப் பழையபடி வைத்துவிட்டு மஞ்சளைப் பார்த்தேன். நேரே பார்க்கப் பயமாக இருந்தது. ஏழு வருசமாகக் கண் வைக்காத இடம். கை இடது பக்கம் இழுக்கிறது, நான் பிடித்து வைக்கிறேன். விட்டேன். மஞ்சள். அடுத்ததும். அதற்குப் பிறகு ஒன்று மட்டும் சிவப்பு.

முடிந்ததும் கம்பனிக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். "சந்தோசம் மிஸ். ஆகஸ்ட் முதலாம் திகதியில இருந்து நீங்க எங்கட ஆள். டிஸ்ட்ரிக் டீம் எல்லாம் இனி ஏலாது, விளங்குதானே?"

சு. பக்கத்தில்தான் நின்றா. என் வில்லைப் பெட்டிக்குள் வைத்து ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தவ. கை நின்றது. பிறகு கடைசி வரை இழுத்து மூடினா.

மாவட்டப் போட்டி முடியும்வரை ஒரு மாதம் தள்ளித் தரமுடியுமா என்று கேட்டேன். ஏலாதாம். வேறு ஒருத்தி காத்திருக்கிறாளாம்.

திரும்பும் பஸ்ஸில் மகாஓயா தாண்டியதும் அவ பையைத் திறந்தா. தோடம்பழம் உரித்துப் பாதியைத் தந்தா. வாங்கிக்கொண்டேன். அப்போதுதான்:

"உன்னப் பத்தி என்னட்டத்தான் முதல் கேட்டவங்க. போன மாசமே. டீம் கப்டன் எண்டு. இந்தப் புள்ள எப்பிடி எண்டு கேக்க, நல்ல கை, எடுங்க எண்டு நான்தான் சொன்னன்."

"ஏன்க்கா என்னட்டச் சொல்லல்ல?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துட்டு இருந்தன்."

"நீங்க இதான் கடைசி, கடைசி எண்டு சொல்லிட்டே இருந்தீங்க. எப்பிடிச் சொல்ற?"

"போறது பிழையில்ல புள்ள. ஆரெண்டாலும் போவாங்க. ஆனா முகாம் எண்டு சொல்லி என்னையே பெட்டி தூக்க வெச்சாயெலா. அதுதான் தாங்க ஏலாமக் கிடக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. நான் அழுதேன். முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்து, பஸ் சத்தியாக்கும் என்று எலுமிச்சம்பழம் ஒன்று தந்தார்.

ஜூலை 17, வியாழன்

கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று நாளைக்கு என்னையே நான் கேட்பேன், அதற்காக எழுதி வைக்கிறேன். பகலெல்லாம் பாமசி, காலையும் மாலையும் அடுப்பு, இரண்டுக்கும் நடுவில் களவெடுத்த மாதிரி வில். எங்கே போகிறாய், எப்போது வருவாய், இது தேவையா. இதற்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது. வேலைக்குப் போகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான்.

சந்தோசம் வரும் என்று பார்த்தேன். நித்திரைதான் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

மைதானம். பஸ்மியாவிடம் சொன்னேன். இந்த முறை நானே, முதல் ஆளாக. வில்லைச் சாய்த்து வைத்துவிட்டு, "ராத்தா, ஒரு மாசம் நிண்டிருக்கலாமே" என்றாள். கேட்டுப் பார்த்தேன் என்றேன். நம்பினாளோ தெரியாது.

சு. வந்தா, எய்தா, என் முழங்கை தாழ்கிறது என்று திருத்தினா. எல்லாம் வழமை போல. அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். மூன்றாவது ஆள் தேடுகிறார்களாம். ஆலையடிவேம்பில் ஒரு பிள்ளை, வீட்டில் விடமாட்டார்களாம். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாக எய்வார்கள். அணிப் பதக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

புறப்படும்போது மன்னிப்புக் கேட்டேன்.

"சரி சரி, விடு. வெயில் ஏறுது" என்றா. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

ஜூலை 31, வியாழன்

பாமசியில் கடைசி நாள். முதலாளி கேக் வெட்டினார். "வில்லுக்குச் சம்பளமா? நாங்க உண்டில்ல கல்லு வெச்சு அடிச்சே வளந்த ஆக்கள், எங்களுக்கு ஒருத்தரும் தரல்லியே" என்று பகிடி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டாம் நாள் வேலை. வேன் நேரத்துக்கு வந்தது. கம்பனி வில், கம்பனித் தொப்பி, பர்தாவுக்கும் அவர்கள் நிறம். நேற்று பலூன். இன்றும் பலூன். சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு குட்டிப் பலூன். கைதட்டல். கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் திரும்ப முதலில் இருந்து. ஒரு வெள்ளைக்காரப் பெண் என் கையைப் பிடித்துப் பார்த்து என்னவோ நல்லதாகச் சொன்னா. ஒன்றும் தவறவில்லை. ஒன்றும் தவறாதது எவ்வளவு அலுப்பு என்று இன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வர உம்மா பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் கதைத்துக்கொண்டிருந்தா. "மகள் வேலையால வாறா, களைச்சிப்போய்." குரலில் என்ன பெருமை! சுன்னத்துக் கதை போன இடம் தெரியவில்லை. ஏழு வருசத்தில் முதல் தடவையாக வில்லோடு வந்த எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காற்று குறையவில்லை. வெள்ளனப் போன் அடித்தது. சு.

"எங்க நிக்கிறாய்? நாங்க ரெண்டு பேரும் வந்துட்டம், போட்டும் கட்டியாச்சு. சுறுக்கா வா."

கட்டிலில் இருந்து ஒரு கால் கீழே வைத்துவிட்டேன். கை சுவரில் மாட்டியிருந்த அபாயாவில். அதற்குள் அவவே:

"ஆ... மறந்திட்டன் புள்ள. படு, படு. இண்டைக்கு உனக்கு லீவெலா."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. மெய்யாகவே மறந்துதான் எடுத்திருக்கிறா. சும்மா வந்து நிற்கட்டுமா என்று கேட்க முதல் போனை வைத்துவிட்டா.

இவர் கண்ணைத் திறக்காமலே, "ஆரு?"

"சுதாக்கா. மைதானத்துக்கு."

"லீவு நாளிலயும் வேலையா? பேசாமப் படு" என்றார். அன்பாகத்தான். போர்வையில் பாதியை என் பக்கம் இழுத்து விட்டார்.

அது வேலை இல்லை, அது... என்று தொடங்கினேன். அது என்ன என்று சொல்ல வரவில்லை. காலை மேலே எடுத்துக்கொண்டேன்.