சாட்சிக் கையெழுத்து

அக்கா,

கடையில் வாங்கிய மிளகாய்ப்பொடியை மருமகள் இன்று காலை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிப் பார்த்தாள். கலப்படம் கண்டுபிடிக்க இப்போது எல்லோரும் செய்வதுதானாம். தண்ணீரில் சாயம் சிவப்பாக இறங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக விட்டுவிடுவேனா?

என் கடைக்குச் சாணார்பட்டிப் பக்கம் மிளகாய் வத்தல் வாங்கி, மாடியில் காயவைத்து, எதிரே இருந்த உன் மில்லில்தான் அரைக்கக் கொடுப்பேன். "பொடி செவப்பா இருந்தாத்தான்டி விக்கும்," என்பாய். சும்மா சொல்கிறாய் என்று நினைத்தேன்.

கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்திருந்த காலம். உணவு ஆய்வாளர் திண்டுக்கல்லில் நம் தெருவுக்கும் வந்தார். என் கடைப் பொடியை மூன்று பாட்டிலில் எடுத்து அரக்கு வைத்தார். மிச்சத்தை மூட்டையோடு பறிமுதல் செய்தார். நெடியில் அவர் விடாமல் தும்ம, "தும்மியே கேஸ முடிச்சிருவாரு போல," என்று டீக்கடையில் ஒரு ஆள் சொன்னார். நானும் சிரித்தேன். எனக்கென்ன பயம்? வத்தல் நான் பார்த்து வாங்கியது, அரைத்தது நீ.

சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கேட்டார். தெருவே வீட்டுக்குள் போய்விட்டது. நீதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாய்.

"யக்கா, ஒன் மில்லுல அரச்சதுன்னு சொல்லு."

"அவ குடுத்த வத்தல அரச்சுக் குடுத்தேன் சார். கடைக்குக் கொண்டுபோயி என்னத்தக் கலந்தாளோ, எனக்கென்ன தெரியும்? கையெழுத்து எங்க போடணும்?"

மறுநாள் விடியுமுன் மில்லைக் கழுவிவிட்டாய். வாசல் சாக்கடையில் தண்ணீர் ரத்தமாக ஓடியது. வத்தல் தூள் அப்படியா சாயம் விடும்? என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாட்சியே அவுகதான். யாரு நம்புவா, விடு," என்றார்.

பொடியில் சாயம் என்று அறிக்கை வந்தது. கடை அவர் பேரில் இருந்தது. சிறைக்குப் போனதும் அவர்தான். வந்தபின் கடை திறக்கவில்லை. சாயப்பொடிக்காரர் என்ற பேரோடேயே செத்தார். நீயோ சர்ச்சில் பூசையின்போது எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பி, "நல்லாருக்கியாடி?" என்பாய்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில், பிறர் குற்றத்தைப் பொறுக்கிறோம் என்கிற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். நீ வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பாய், உன் முகத்துக்கு நேராகச் சொல்லலாம் என்று அந்த வரியை வைத்திருந்தேன். உன் சாவு வீட்டில் உன் மகளிடம் விசாரித்தேன்: "அம்மா எங்கிட்ட எதுவும் சொல்லச் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலயே சின்னம்மா."

நேற்றுச் சாயங்கால ஜெபத்திலும் அந்த இடத்தில் நிறுத்தினேன். பேரப்பிள்ளைகள்தான் சொல்லி முடித்தார்கள்.