வெட்டா புலூ என்னும் பாடகி

என் ஜமீலா ஆப்பாவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லாத கடிதம் இது. அதனால் நேராகச் செய்திக்கே வந்துவிடுகிறேன். அந்த ஆள் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார். தன் வாயாலேயே, ஆம்பூர் மண்ணில் நின்றுகொண்டு, சரியாகச் சொன்னார்.

இதை நாம் நடத்திய ரேடியோ நேயர் தாளிலேயே, வழக்கம்போல ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைலில் உருட்டி அனுப்புகிறேன். ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பிலும் குடியாத்தம் தறிக்கூடங்களிலும் நம்மைப் படிக்கிற நேயர்கள் உங்களை ஜமீலா என்று மட்டும்தான் அறிவார்கள், நான் அக்கா முறை வைத்து ஆப்பா என்பதை அறிய மாட்டார்கள். உங்களுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியட்டும்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் தொடங்கியது இது. ஜப்பானில் ஆண்டுதோறும் நடக்கும் அந்த உலகப் பாட்டுப் போட்டியைச் சிற்றலையில் பிடித்தவர் நீங்கள்தான். நம் ஊரில் அப்போது ஞாயிறு மதியம். உங்கள் வீட்டு அடுக்களைக்குப் பக்கத்து அறையில், ரேடியோமேல் தலையைச் சாய்த்து நீங்கள் கேட்பீர்கள், சொல்வீர்கள். நான் எழுதுவேன். வாய் உங்களுடையது, கை என்னுடையது. பி.ஏ. படித்தவள் என்று பேர்தானே தவிர, நாலு பேர் முன்னால் எனக்குக் குரலே எழும்பாது.

ஆம்பூரின் தோல் பதனிடும் ஷெட்டு தவிர வேறெதையும் பார்க்காத நாம் பிரேசில் பாடகியைப் பற்றி என்னவென்று எழுதுவது என்று நான் திகைத்தபோது நீங்கள் சிரித்தீர்கள். "இன்னாடி சரோ, தெரிஞ்சத வச்சு எழுது. அவ குரல் சுண்ணாம்புத் தொட்டியில ஊறின தோல் மாதிரி வழவழன்னு கீது. அப்படியே போடு."

அப்படியே போட்டேன். ஒரு பாட்டு பச்சைத் தோல் வாசனைபோல வீடுவரை கூடவே வருகிறது என்று எழுதினேன். இன்னொன்று காய்ந்த தோலில் ஆணி அடிப்பதுபோல ஒலிக்கிறது என்று எழுதினேன். ஆசையாக அந்தத் தாளைச் சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகைக்கு அனுப்பினோம்.

முதல் வருஷம் வாசகர் கடிதப் பகுதியில் இரண்டே வரி வந்தது. கீழே 'ஜமால், ஆம்பூர்' என்று போட்டிருந்தார்கள். உங்களை ஆம்பளையாக்கிவிட்டார்கள். ஒரு வாரம் முழுக்க நான் உங்களை "ஜமால் பாய்" என்று கூப்பிட்டேன். நீங்கள் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினீர்கள். உங்கள் பெயர் என்று அப்போது அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் உங்கள் பெயரில்லை.

அடுத்த வருஷம் முழுக் கட்டுரையே வந்தது. எழுதியவர் 'வான்குயில்' என்று இருந்தது, அந்தப் பத்திரிகையிலேயே வேலை பார்ப்பவர். வரிக்கு வரி நம்முடையது. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார். தோல் என்று நாம் எழுதிய இடத்திலெல்லாம் மல்லிகை. பச்சைத் தோல் வாசனை மல்லிகை வாசனையாகியிருந்தது. ஆணி அடிப்பதைக்கூட விடவில்லை, மல்லிகை அரும்பு வெடிப்பதுபோல என்று போட்டிருந்தார். திருடினாலும் பரவாயில்லை என்று இருந்திருப்பீர்களோ என்னவோ. கழுவித் துடைத்துத் திருடியதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை, இல்லையா ஆப்பா?

மூன்றாம் வருஷமும் அதேதான். அப்போதுதான் நாம் சென்னைக்கு ரயில் ஏறினோம். அந்த அலுவலகத்தில் நான் உங்கள் புர்காவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வான்குயில் நல்ல சிவப்பாக, நெற்றியில் கீற்றாக விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆம்பூரா? பிரியாணி நன்னா இருக்குமாமே. உங்களுக்கு எதுக்கும்மா இங்கிலீஷ் பாட்டெல்லாம்?" என்றார். சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

நீங்கள் சட்டென்று சொன்னீர்கள். "பாட்ட கேக்கறது காதுலதான் சார், மூக்குல இல்ல."

அவருக்குச் சுருக்கென்றது. "பாட்டு வானத்துல வர்றது. யார் வேணா கேப்பா, யார் வேணா எழுதுவா. உன் பேர் என்ன சொன்னே, ஜமாலா?"

"ஜமீலா."

"ஏதோ ஒண்ணு" என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் ரயிலில், அரக்கோணத்தில் டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள். "சரோ, அந்தாளு வாயால என் பேர ஒழுங்கா சொல்ல வைக்கணும்டி. அது ஒண்ணு போதும் எனக்கு." நான் தலையாட்டினேன். உங்களால் முடியும் என்றுதான் நினைத்தேன். என்னால் என்று நினைக்கவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நீங்கள் போன நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்ததும் உங்கள் அம்மா, நீங்கள் அம்மி என்பீர்களே, அவர்கள் என்னைக் கூப்பிட்டு ரேடியோவைக் கொடுத்தார்கள். "நீயே எடுத்துப் போ பேட்டி, நீயும் என் மகதானே. அத பாத்தாலே பேஜாரா கீது." அன்றைக்கு அதைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேனே, அப்போது ஒன்று முடிவு செய்தேன். அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று.

அடுத்த போட்டியைத் தனியாகக் கேட்டேன். எழுதினேன். எல்லாம் உண்மை, ஒரே ஒரு பத்தி தவிர. அந்தப் பத்தியில் ஃபின்லாந்து நாட்டுப் பாடகி செல்வி வெட்டா புலூ வந்தார். குரோம் என்ற ஊரில் பிறந்தவர். இளமையில் பெரிய பீப்பாய்க்குள் சுழன்று சுழன்று பயிற்சி பெற்றவர். மேடைக்கு எப்போதும் நீல உடையில், ஈரம் சொட்டச் சொட்டத்தான் வருவார்.

வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. குரோம் உப்புப் போட்டு டிரம்மில் சுழற்றி எடுத்த தோல் நீலமாக, ஈரமாக இருக்கும். அதற்கு எங்கள் ஷெட்டுகளில் 'வெட் புளூ' என்று பெயர். ஆம்பூரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் அது தெரியும். சென்னையில் மூக்கைப் பொத்துகிறவர்களுக்குத் தெரியாது.

வழக்கம்போலத் தாளைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தது. வெட்டா புலூவுக்குத் தனிப் பெட்டியே கட்டியிருந்தார் வான்குயில்! 'தமிழ்நாட்டுக்கு வர ஆசை என்று தொலைபேசியில் என்னிடம் கூறினார்' என்று இருந்தது. கடைசியில், 'அவர் குரலில் மல்லிகை மணக்கிறது.'

ஆப்பா, நீங்கள் இருந்து அந்த வாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆம்பூர் சிரித்தது, வாணியம்பாடி சிரித்தது. நான் கணக்கு எழுதும் ஷெட்டில் ஆட்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்து டிரம்மில் ஒட்டினார்கள். "டேய், வெட்டா புலூவுக்கு ஜலதோஷம்டா, வெயில்ல போடு" என்று லோடு இறக்குகிறவர்கள் கத்தினார்கள். பத்திரிகைக்குக் கார்டு கார்டாகப் போனது. எங்கள் ஷெட்டில் அந்த அம்மா அடுக்கடுக்காக இருக்கிறார், கிலோ என்ன விலைக்கு வேண்டும் என்று ஒருவர் எழுதினாராம்.

ஒரு நாள் வான்குயிலே, நம் தாளில் இருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு, எங்கள் ஷெட்டு வாசலில் வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உங்கள் பின்னால் நின்றவளை அவர் எங்கே பார்த்தார்?

"அம்மா, ரேடியோவில பேர் சரியாக் கேக்கலை, அதனால தப்பு வந்துடுத்துன்னு எங்க ஆசிரியர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். என் வேலை போயிடும்."

எனக்குக் குரல் வந்தது ஆப்பா, எங்கிருந்தோ வந்தது. "அந்தம்மா உங்ககிட்ட போன்ல பேசினாங்களே சார்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வாங்க சார், அவங்களையே பாக்கலாம்" என்று ஷெட்டுக்குள் கூட்டிப் போனேன். அடுக்கு அடுக்காக நீலத் தோல். கோதண்டம் அண்ணன் அங்கே அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சரோ, யாரு சாரு?"

"மெட்ராஸ்ல இருந்து வர்றாருண்ணே. வெட்டா புலூவ பாக்கணுமாம்."

அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு தோலை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கினார். நீலத் தண்ணீர் சொட்டியது. "தோ, இவங்கதான் சார். கொஞ்சம் கூச்ச சுபாவம், ஆளுங்க முன்னாடி பாட மாட்டாங்க. கிட்ட வந்து மோந்து பாருங்க. மல்லி வாசன வருதா?"

பின்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். வான்குயிலின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. கைக்குட்டையைத் தொட்டது. எடுக்காமலே திரும்பி வந்தது. அந்தக் கையை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

"சொல்றேன் சார்" என்றேன். "எங்க தாளப் பாத்துதான் எழுதினீங்கன்னு உங்க ஆசிரியர்கிட்ட சொல்றேன். ஆனா யாரு எழுதின தாளுன்னு அவர் கேப்பாரே?"

"நீங்கதானே?"

"நான் இந்த வருஷம்தான். அதுக்கு முன்னாடி?"

"அந்த முஸ்லிம் பொண்ணு."

"பேரு சார்?"

எச்சில் விழுங்கினார். "ஜமால்..." கோதண்டம் அண்ணன் தோலைப் பொத்தென்று அடுக்கில் போட்டார். வான்குயிலின் வேட்டியில் நீலம் தெறித்தது. "ஜமீலா" என்றார்.

"டிரம் சத்தத்துல கேக்கல சார்" என்றேன்.

"ஜமீலா!"

அவ்வளவு சத்தமாக உங்கள் பெயரை உங்கள் அம்மிகூடக் கூப்பிட்டதில்லை.

"அவகிட்டயே மன்னிப்புக் கேட்டுடறேம்மா. வீடு எங்கே?"

"கபரஸ்தான்ல" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ" என்றார். அது உண்மையான ஐயோதான். அதற்காக நான் இளகவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அப்போ ஆசிரியர்கிட்ட..." என்று இழுத்தார். அதற்குள் அதுதான் வருகிறது பாருங்கள்.

"போன வாரமே சொல்லிட்டேன் சார். நம்ம தாளு, உங்க கட்டுரை, எல்லா வருஷமும் ஒண்ணுமேல ஒண்ணா வச்சு அனுப்பிட்டேன். தோலு எங்க, மல்லி எங்கன்னு கோடு போட்டு."

வெட் புளூவை எனக்குப் பழக்கியவர் என் அப்பா. அவரே சொன்னார், "விட்டுடு கண்ணு. அந்தாளுக்கும் புள்ளகுட்டி கீது." இது பழிவாங்கல்தானே என்றும் கேட்டார். ஆமாம், பழிவாங்கல்தான். வேறு அழகான பெயர் எதையும் நான் அதற்கு வைக்கப் போவதில்லை. உங்களை 'ஏதோ ஒண்ணு' என்றாரே, அது என்ன அழகான பெயரா?

போன இதழில் திருத்தம் வந்தது. அந்தக் கட்டுரைகளை எழுதியவர் ஆம்பூர் ஜமீலா என்று போட்டார்கள். அம்மியிடம் எடுத்துப் போனேன். அவர்களுக்கு உருது எழுத்துதான் தெரியும். "இதுல ஜமீலா எது?" என்று கேட்டார்கள். காட்டினேன். அந்த மூன்று எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அச்சு மை விரலில் ஒட்டியது, துடைக்கவில்லை.

இனி போட்டியைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று ஆசிரியர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். சரி என்றேன், ஜமீலா என்ற பெயரில்தான் வரவேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். வான்குயிலை வேலையிலிருந்து எடுக்கவில்லையாம், வயதைப் பார்த்து, அச்சுப்பிழை பார்த்து மெய்ப்புத் திருத்தும் மேசைக்கு மாற்றிவிட்டார்களாம். முதலில் எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் யோசித்தேன். இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைக்காது.

ஏனென்றால் நம் கட்டுரை இனி அவர் கை வழியாகத்தான் போகும். தோலைத் தோல் என்றே எழுதுவேன், அதில் அவர் ஒரு எழுத்தைத் தொட முடியாது. ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கு வேலை வைப்பேன். கட்டுரையின் கீழே, ஒவ்வொரு முறையும், 'ஜமால், ஆம்பூர்' என்று தப்பாக எழுதி அனுப்புவேன். அவர் பேனாவை எடுத்து, அடித்து, தன் கையாலேயே 'ஜமீலா' என்று எழுத வேண்டும். அவர் ஓய்வு பெறும்வரை விடமாட்டேன் ஆப்பா. சத்தியம்.

இப்போதெல்லாம் கொஞ்சம் வாய் திறந்து பேசுகிற,
உங்கள் தங்கச்சி
சரோ