கார்னெட் ரூம் படக்காரி

சிகாகோ, 1954 பிப்ரவரி 9, செவ்வாய்

கார்னெட் ரூம் இசைக் கிளப்பில் நேற்று மட்டும் முப்பத்தொரு படம். மேசை மேசையாகப் போய்ச் சிரிக்க வைத்து, எடுத்து, சமையலறைக்குப் பின்னால் உள்ள இருட்டறைக்கு ஓடிக் கழுவி, மடிப்பு அட்டையில் செருகி, ஆட்கள் கோட்டு மாட்டுவதற்குள் கொடுத்தாக வேண்டும். அட்டையில் வாத்தியக்காரர்களிடம் கையெழுத்து வாங்கித் தருவதும் நான்தான். படத்தின் முதுகிலோ முதலாளி ஹாஸ்கெலின் ஸ்டுடியோ முத்திரை. எடுத்தவள் வெர்லீன் என்று யாருக்குத் தெரியும்? ஒரு படத்திலாவது என் பெயர் வர வேண்டும். பேராசையா? இருக்கட்டுமே.

பிப்ரவரி 11

இந்த வாரம் முழுக்க ரோஸ்கோ பெட்டவேயின் டிரம்பெட். என்ன வாசிப்பு! ஆனால் கையெழுத்தில் மகா கஞ்சர், வெறும் பெயர்தான். ஒரு அம்மாள், "பிறந்தநாள் வாழ்த்துன்னு ரெண்டு வார்த்தை எழுதுங்களேன்" என்று கெஞ்சினாள். "அதான் ஊதினேனே, கேக்கலையா?" என்றார்.

பிப்ரவரி 13, சனி

தொலைந்தேன்.

மேடையைப் படம் எடுக்கவே கூடாது என்பது ஹாஸ்கெலின் சட்டம். நேற்று பெட்டவே கண்ணை மூடி, ஊதுகிறாரா மூச்சு விடுகிறாரா என்று தெரியாதபடி வாசித்துக்கொண்டிருந்தார். கிளப்பே கப்சிப். என் விரல் என்னைக் கேட்கவில்லை. ஃபிளாஷ் பல்பு டப்பென்று வெடித்தது! அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபடியே அந்தச் சுரத்தை விடாமல் பிடித்து நின்றார்.

அழுதுகொண்டே படத்தைக் கழுவினேன். கதவு தட்டப்பட்டது. பெட்டவே.

"என்னைச் சுட்டுட்டே. பொணத்தையாவது காட்டுவியா?"

ஈரம் சொட்டும் படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கம்மா இதைப் பாத்தா, இப்பதாண்டா நீ ஒழுங்கா ஜெபம் பண்றேன்னு சொல்லுவா."

ஐயோ, எனக்குத் தூக்கமே வரவில்லை!

பிப்ரவரி 14

கிளப் சொந்தக்காரி மிஸஸ் டுப்ரீ அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெட்டவே கையெழுத்தோடு வாசலில் மாட்டப் போகிறாராம். என் படம்!

ஹாஸ்கெலிடம் தயங்கித் தயங்கி, "கீழே என் பேரையும் போடலாமா சார்?" என்றேன்.

"ஃபிலிம் என்னுது, பல்பு என்னுது. ஸ்டுடியோ பேருதான் வரும். உன்னை வேலையைவிட்டுத் தூக்கலைன்னு சந்தோஷப்படு."

சரி சார் என்றேன். ஏன் சரி என்றேன்? வாயில் என்ன கொழுக்கட்டையா? எனக்கு என் மேலேயே எரிச்சல்.

பிப்ரவரி 15

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பெட்டவே டெட்ராய்ட் கிளம்பும் முன் கையெழுத்துப் போட வந்தார். படத்தின் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை.

"இவ்வளவு எடம் எதுக்கு?"

"எங்க ஸ்டுடியோ பேருக்கு," என்றார் ஹாஸ்கெல்.

"அப்படியா," என்று பேனாவைத் திறந்தார் பெட்டவே. அந்தக் கஞ்ச மனிதர், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதினார்: 'நான் வாசித்தேன். வெர்லீன் அதைப் படம் பிடித்துவிட்டாள். ரோஸ்கோ பெட்டவே.'

ஹாஸ்கெல் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப எங்க முத்திரை?"

"முதுகுல குத்திக்குங்க. அதானே உங்க வழக்கம்?"

மிஸஸ் டுப்ரீ சிரித்த சிரிப்பில் கண்ணாடியே கழன்று விழுந்தது.

பிப்ரவரி 16

மாட்டியாயிற்று. ஒன்றுமில்லாத காரணம் சொல்லி ஐந்து தடவை வாசல் வரை போய் வந்தேன்.

மார்ச் 2

நேற்று மூன்றாம் மேசையில் ஒரு பெண் அட்டையைத் திறந்து பேனாவை நீட்டினாள்.

"பெட்டவே ஊர்ல இல்லையேம்மா," என்றேன்.

"தெரியும். வாசல்ல பேரைப் பாத்தேன். நீங்க போட்டுக் குடுங்க."

போட்டேன். மை காயும்வரை அட்டையை மூட அவளை விடவில்லை.