நோட்டில் நூற்றுப்பதிமூன்று

அக்டோபர் 22, 2001
காலையிலிருந்து தூறல். மாவு அரைக்கணும், மண்ணெண்ணெய் வாங்கணும். ரெண்டும் ஆகவில்லை.
பல்கலைக்கழகத்திலிருந்து கடுதாசி. அவர்தான் படித்துச் சொன்னார். பிள்ளை ஸ்டெல்லா ஊர் ஊராகப் போய் எழுதிய கல்லறை நோட்டை வருகிற அஞ்சாம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அவர்களாம், நோட்டும் அவர்களுடையதாம்.
பிள்ளை காய்ச்சலில் போய் மூன்று மாதம். அவளுடைய மற்ற நோட்டெல்லாம் பரீட்சைக்கு எழுதியது. இது அவளாக ஆசைப்பட்டு எழுதியது.
கொடுக்க மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 24
வெயில். நோட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் படிப்பு அஞ்சாவது.
ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு நம்பர். பெயர், வருஷம், கல்லில் உள்ள வாசகம், பராமரிப்பவர், குறிப்பு. அகரம், கன்னிவாடி, எங்கள் கல்லறைத் தோட்டம், எல்லாம் சேர்த்து 112. பாதிக்கு மேல் ஒரே குறிப்பு: "சுண்ணாம்பு அடைத்து எழுத்து தெரியவில்லை."
41 என் மாமனார். "சுண்ணாம்பு. அம்மாவின் கைவரிசை."
சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வெகுநேரம் அழுகை.
போன கல்லறைத் திருநாளுக்கு நான்தான் சுண்ணாம்பை மூன்று தடவை பூசினேன். பளிச்சென்று இருந்தது. அவள் மூங்கில் குச்சியால் நாலு நாள் சுரண்டினாள். "எம்மா, தாத்தா பேரையே அமுக்கிப்புட்டியே, அம்புட்டுப் பாசமா?" கோபத்தில் அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. ஒரு முழு நாள்.

அக்டோபர் 29
நோட்டு இல்லாமல் பஸ் ஏறினேன். தர மாட்டேன் என்று பல்கலைக்கழகத்தில் அவளுடைய மேடத்திடம் நேரில் சொல்ல.
மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். "சயின்ஸ்காரங்க மிஷின் வாங்கணும்னு எழுதுவாங்கம்மா, உடனே பணம் கெடைக்கும். கல்லறையில எழுத்துப் படிக்கப் போறோம்னு நாங்க எழுதினா சிரிக்கிறாங்க. ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கினோம். நோட்டைக் காட்டலைன்னா அடுத்த தவணை வராது. இதோட மூடிருவாங்க."
பக்கத்தில் ஒரு பெண். ஜெயந்தி, ரெட்டியார்சத்திரம். பணம் வந்தால் அவள் தொடர்வாளாம்.
"அக்கா விட்ட எடத்துலேருந்து எழுதுவேம்மா. அக்கா பேருதான் முதல்ல வரும்."
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவந்தேன்.

நவம்பர் 1
ஸ்டெல்லாவுக்குக் கல் நட்டாச்சு. அவர் வாளியில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்.
"வேணாங்க."
"ஊரே வெள்ளையடிக்குது. நம்ம பிள்ளைது மட்டும் சும்மா கெடந்தா என்ன நெனப்பாக?"
"நெனைக்கட்டும். அவ பேரு தெரியணும்."
வாளியைக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவருக்கு அடிக்க ஆரம்பித்தார்.

நவம்பர் 2
திருநாள். மழை. மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்த அந்தோணியம்மா, "என்னத்தா, மகளுக்கு ஒரு கை சுண்ணாம்புக்குமா பஞ்சம்?" என்றாள். அவர் காதில் விழாத மாதிரி, தோள் துண்டால் எழுத்து எழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 4
பூசை முடிந்து வந்தேன். ரசம், கருவாடு. நாளைக்கு ஜெயந்தி வாராள். நோட்டைக் கொடுத்துவிடலாம். ஆராய்ச்சியை மூடிவிட்டால் பிள்ளை அலைந்ததெல்லாம் வீண்.
கொடுக்குமுன் ஸ்டெல்லாவின் பேனாவை எடுத்தேன். 112-க்குக் கீழே கோடு போட்டு வைத்திருந்தாள். கோட்டுக்குள் எழுத ஒரு மணி நேரம் ஆனது.

113. பெயர்: ஸ்டெல்லா. வருஷம்: 2001. வாசகம்: எங்கள் மகள். பராமரிப்பவர்: அம்மா. குறிப்பு: எழுத்து நன்றாகத் தெரிகிறது.